வாக்கு ஊருடையது, கதிரை கட்சியுடையது: வன்னியில் வட்டார உறுப்பினர் என்பவர் யார்?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஓர் ஊர்ச் சந்தியில் நின்று, இந்த வட்டாரத்துப் பிரதேச சபை உறுப்பினர் யார் என்று கேட்டால் பெயர் உடனே வரும். வீடு எது என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்கள். அவருடைய வேலை என்ன என்று கேட்டால்தான் பதில்கள் சிதறும். வீதி போட்டுத் தரவேண்டியவர் என்பார் ஒருவர். காணிக்கு அனுமதிப்பத்திரம் எடுத்துத் தரவேண்டியவர் என்பார் இன்னொருவர். யானை வேலி, வீட்டுத்திட்டம், பாடசாலைக்கு ஆசிரியர், அரச நிவாரணத் திட்டமான அஸ்வெசும பட்டியலில் விடுபட்ட பெயர், பொலிஸ் நிலையத்தில் இருக்கும் மகன் என்று வரிசை நீளும். இவற்றில் சட்டப்படி அவருடைய சபையின் கையில் இருப்பது முதலாவது மட்டும்தான். அதிலும் எல்லா வீதியும் அல்ல.

ஆனாலும் மக்கள் தவறான ஆளிடம் போகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் கால்நடையாகப் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் வாக்குக் கேட்டு வந்த ஒரே ஆள் அவர்தான். வடக்கு மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் நடந்த தேர்தலே முதலும் கடைசியும். அதன் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு மாகாணம் ஆளுநரின் கையில் இருக்கிறது. மேலே நாடாளுமன்ற உறுப்பினர், கீழே வட்டார உறுப்பினர். இடையில் தெரிவு செய்யப்பட்டவர் எவரும் இல்லை. மாகாண சபை உறுப்பினரிடம் போயிருக்க வேண்டிய பாடசாலைப் பிரச்சினையும் வைத்தியசாலைப் பிரச்சினையும் இறங்கி வந்து வட்டார உறுப்பினரின் படலையில் நிற்பதற்கு இதுதான் முதற்காரணம்.

தேர்தல் தாமதமாக வந்த நிலம்

வன்னியின் நான்கு மாவட்டங்களிலும் 17 உள்ளூராட்சி சபைகள் இருக்கின்றன. கிளிநொச்சியில் கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி. முல்லைத்தீவில் கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு. வவுனியாவில் மாநகர சபையும் நான்கு பிரதேச சபைகளும், மன்னாரில் நகர சபையும் நான்கு பிரதேச சபைகளும். கிளிநொச்சி நகரமும் முல்லைத்தீவு நகரமும் பெயருக்குத்தான் நகரங்கள். முறையே கரைச்சி, கரைதுறைப்பற்று பிரதேச சபைகளே அவற்றைப் பார்க்கின்றன. வவுனியா தெற்கில் தமிழுக்கு ஒரு பிரதேச சபை, சிங்களத்துக்கு ஒரு பிரதேச சபை என்று இரண்டு இருப்பதை வெளியூர்க்காரர் பலர் நம்பமாட்டார்கள்.

பிரதேச சபைகளுக்கான சட்டம் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம். தெற்கில் 1991 இலேயே அந்தச் சபைகளுக்குத் தேர்தல் நடந்துவிட்டது. கிளிநொச்சி மக்கள் முதன்முதலாகத் தங்கள் பிரதேச சபைக்கு வாக்களித்தது 2011 ஜூலையில். இடைப்பட்ட காலத்தில் சபை என்றால் செயலாளர், எழுதுவினைஞர், ஓர் உழவு இயந்திரம், அவ்வளவுதான். போர் முடிந்து மூன்று மாதம் ஆகுமுன்பே, 2009 ஆகஸ்ட் 8 இல், அன்று நகர சபையாக இருந்த வவுனியாவில் வாக்கெடுப்பு நடந்தது. அப்போது அதே மாவட்டத்தின் மெனிக் பாம் முகாம்களில் வன்னி மக்கள் முட்கம்பிக்குள் இருந்தார்கள். புதுக்குடியிருப்பும் கரைதுறைப்பற்றும் இன்னும் காத்திருந்தன. மீள்குடியேற்றமும் கண்ணிவெடி அகற்றலும் முடியவில்லை என்று தேர்தல் திரும்பத் திரும்பத் தள்ளிப்போய், 2018 பெப்ரவரி 10 இல்தான் அந்த மக்களுக்கு வாக்குச்சீட்டு கிடைத்தது.

அந்தச் சபைகளின் காலம், ஓராண்டு நீடிப்போடு, 2023 மார்ச் 19 இல் முடிந்தது. அடுத்த தேர்தலுக்கு நாள் குறித்து, வேட்புமனுவும் வாங்கி, திறைசேரி பணம் தரவில்லை என்று நிறுத்தினார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்ட் 22 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்கெடுப்பு 2025 மே 6 இல் நடந்து, ஜூன் 2 இல் புதிய சபைகள் அமர்ந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மீண்டும் செயலாளர் ஆட்சி. அந்தக் காலத்தில் குப்பை அள்ளப்பட்டது, சந்தை குத்தகைக்குப் போனது, சம்பளம் கிடைத்தது. உறுப்பினர் இல்லாமலே சபை ஓடியதே, பிறகு அவர்கள் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. சபை ஓடுவது வேறு, எந்த ஒழுங்கைக்கு முதலில் கிரவல் போடுவது என்று யாரிடமாவது சண்டை பிடிக்க முடிவது வேறு என்பதே என் பதில்.

சீட்டில் பெயர் இல்லாத வேட்பாளர்

2018 க்கு முன் உள்ளூராட்சித் தேர்தல் முழுக்க விகிதாசார முறையில், விருப்பு வாக்கோடு நடந்தது. பிரதேசம் முழுவதும் அலைந்து திரியக்கூடிய, சுவரொட்டிக்குப் பணமுள்ள ஆளுக்கு அது வசதியானது. இப்போதிருப்பது கலப்பு முறை. 60 வீதமான உறுப்பினர்கள் வட்டாரங்களிலிருந்தும் 40 வீதமானவர்கள் கட்சிப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். நாடு முழுவதும் சுமார் 4,500 ஆக இருந்த உறுப்பினர் தொகை 8,000 ஐத் தாண்டியது இந்த மாற்றத்தால்தான்.

வாக்காளருக்கு ஒரே வாக்கு. அந்த ஒரு வாக்கு இரண்டு வேலை செய்கிறது: வட்டார வேட்பாளருக்கும் சேர்கிறது, கட்சியின் மொத்தக் கணக்கிலும் சேர்கிறது. ஓர் எடுத்துக்காட்டு. 20 ஆசனம் உள்ள சபையில் 10,000 செல்லுபடியான வாக்குகள் விழுந்தால், ஓர் ஆசனத்தின் விலை 500 வாக்கு. 3,000 வாக்கு எடுத்த கட்சிக்கு ஆறு ஆசனம் உரித்து. அது இரண்டு வட்டாரங்களில்தான் வென்றது என்றால் மீதி நான்கும் பட்டியலிலிருந்து வரும். மாறாக ஏழு வட்டாரங்களில் வென்றிருந்தால் ஏழையும் வைத்துக்கொள்ளலாம். சபைதான் ஓர் ஆசனம் பெருக்கும். ஒரு வட்டாரத்திலும் வெல்லாத கட்சிகூடச் சபைக்குள் இருப்பது இப்படித்தான். சிதறிய வாக்குள்ள வன்னிச் சபைகளில் சபைத் தலைவரான தவிசாளரைத் தீர்மானிப்பது பல தடவை அந்த ஒற்றை ஆசனக் கட்சிகளே. எந்தத் தரப்புக்கும் அரைவாசி இல்லையென்றால் முதல் அமர்வில் வாக்கெடுப்பு. அதிலும் சமமாக வந்தால் திருவுளச்சீட்டு. ஒரு பிரதேசத்தின் நான்கு ஆண்டுகள் ஒரு பெட்டிக்குள் கைவிட்டு எடுத்த சீட்டில் முடிவாகிவிடலாம்.

இதில் வாக்காளர் பலர் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயர் கிடையாது. கட்சியின் பெயரும் சின்னமும், அல்லது சுயேச்சைக் குழுவின் சின்னமும் மட்டுமே. வீடு, திசைகாட்டி, சங்கு, மிதிவண்டி, வீணை, தொலைபேசி. வேட்பாளர் படலை படலையாகப் போய்த் தன் பெயரைச் சொல்கிறார். மக்கள் அவர் முகத்தை நினைத்துச் சின்னத்துக்குப் புள்ளடி போடுகிறார்கள். எண்ணி முடிந்ததும் அந்தப் புள்ளடி கட்சிக்கு விழுந்ததாகவே சட்டம் பார்க்கிறது. கட்சியால் நீக்கப்பட்டால் ஆசனம் போய்விடும். நீக்கம் செல்லாது என்று நீதிமன்றத்தில் காட்டினால் மட்டுமே தப்பலாம். வட்டாரத்தில் வென்றவர் இறந்தாலோ விலகினாலோ இடைத்தேர்தல் இல்லை. அவருடைய இடத்துக்குக் கட்சிச் செயலாளர் ஒரு பெயரை அனுப்புவார், வர்த்தமானியில் வரும். அந்தப் பெயரை வட்டாரத்தார் முன்பு கேள்விப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஊருக்குப் பதில் சொல்லவேண்டியவர், கட்சிக்குக் கட்டுப்பட்டவர் என்ற இந்த இரட்டை நிலைதான் அவருடைய எல்லாச் சங்கடங்களுக்கும் வேர்.

கட்டுப்பணம் பெரிய தொகை அல்ல. கட்சி வேட்பாளர் ஒருவருக்கு 1,500 ரூபா, சுயேச்சை என்றால் 5,000 ரூபா. 2023 ஆம் ஆண்டின் தேர்தல் செலவினச் சட்டத்துக்குப் பிறகு, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் செலவுக் கணக்கும் கொடுக்கவேண்டும், தோற்றவரும் கொடுக்கவேண்டும். உண்மையான செலவு வேறிடத்தில் இருக்கிறது. பெற்றோல், தேநீர், கோயில் திருவிழாவுக்கு ஒரு தொகை, விளையாட்டுக் கழகத்துக்குக் கரப்பந்து வலை, செத்த வீட்டுக்குப் போய் நிற்கும் நாட்கள். வென்ற பிறகும் அந்தச் செலவு நிற்பதில்லை. மாதக் கொடுப்பனவு அதற்குப் போதாது. அதனால் உறுப்பினர்களில் பலர் ஏற்கெனவே வருமானம் உள்ளவர்கள்: நெல் அறுவடை இயந்திரம் வைத்திருப்பவர், கடைக்காரர், ஒப்பந்தக்காரர், ஓய்வு பெற்ற அதிபர். ஒப்பந்தக்காரர் உறுப்பினரானால் வரும் சிக்கலை நான் விளக்கத் தேவையில்லை.

எந்த வீதி யாருடையது

கண்டி யாழ்ப்பாண வீதியான ஏ-9, பரந்தன் முல்லைத்தீவு வீதியான ஏ-35, மாங்குளம் முல்லைத்தீவு வீதியான ஏ-34 போன்ற ஏ தர வீதிகளும் பி தர வீதிகளும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. வாய்க்கால் கரையில் ஓடும் பாதை நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கோ. காட்டோரப் பாதை வனவளத் திணைக்களத்தின் எல்லைக் கல்லுக்கு உள்ளேயா வெளியேயா என்பதைப் பொறுத்தது. எஞ்சிய ஊர் வீதிகளும் ஒழுங்கைகளும்தான் பிரதேச சபைக்கு.

காகிதத்தில் இது தெளிவாகத் தெரியும். காலபோக மழையில் ஒரு மதகு உடைந்து பிள்ளைகள் பாடசாலைக்குப் போக முடியாத காலையில் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. மதகுக்கு இந்தப் பக்கம் சபையின் கிரவல் வீதி, அந்தப் பக்கம் வாய்க்கால் கட்டு, மதகு யாருடையது? உறுப்பினர் முதலில் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு அழைப்பார். அவர் அது தங்களுடைய பட்டியலில் இல்லை என்பார். நீர்ப்பாசன அலுவலகத்தில் அது வீதிக்கான மதகு, தங்களுக்கு உரியதல்ல என்பார்கள். பிரதேச செயலகத்தில் அனர்த்த நிதியில் செய்யலாமா என்று பார்க்கிறோம், கிராம அலுவலரின் அறிக்கையோடு கடிதம் தாருங்கள் என்பார்கள். கரைச்சிச் சபை உறுப்பினருக்கு இதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. அந்தச் சபையின் எல்லைக்குள் கரைச்சி, கண்டாவளை என்று இரண்டு பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. எந்தப் பிரிவுக்குள் மதகு கிடக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். இதற்கிடையில் ஊர் இளைஞர்கள் நான்கு தென்னங்குற்றியைப் போட்டு மண் நிரப்பிவிடுவார்கள். அந்தத் தென்னங்குற்றிப் பாலம் அடுத்த மூன்று மழைக்கும் நிற்கும்.

சபையிடம் பணம் இருந்தாலும் கிரவல் தானாக வராது. கிரவல் வெட்டுவதற்குக் கனியவளத் திணைக்களம் என்று ஊரில் சொல்லப்படும் சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். வெட்டும் இடம் காட்டுக்குள் என்றால் வனவளத் திணைக்களத்தின் சம்மதமும் வேண்டும். போருக்குப் பிறகு வன்னியில் பெரும் பரப்புகள் ஒதுக்குக்காடுகளாக அறிவிக்கப்பட்டுவிட்டதால் முன்பு ஊரவர் கிரவல் எடுத்த கிடங்கு இன்று சட்டப்படி காடு. உறுப்பினர் எழுதிய தமிழ்க் கடிதத்துக்குச் சிங்களத்தில் பதில் வருவதும், அதை வாசிப்பித்து அறிய ஓர் ஆளைத் தேடுவதும் இந்தப் பயணத்தின் ஒரு தரிப்பிடம். அதே பிரதேசத்தின் வீதிகளில் இரவில் மணல் டிப்பர்கள் போகும்போது மக்கள் உறுப்பினரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்கள் சிரிப்பதில் பிழை இல்லை.

வீதிவிளக்கும் இப்படித்தான். மின்குமிழைச் சபை வாங்கலாம். கம்பம் மின்சார சபையினுடையது. கம்பம் இல்லாத ஒழுங்கைக்கு விளக்குப் போடுவதாக வாக்குறுதி கொடுக்கும் வேட்பாளர், தன்னால் செய்ய முடியாத ஒன்றைச் சொல்கிறார் என்று வாக்காளர் அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

கட்டாக்காலி மாடு

வட்டார உறுப்பினரின் அதிகாரம் உண்மையிலேயே எங்கே கடிக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர் வீதியை விட்டுவிட்டு மாட்டைப் பார்க்கவேண்டும்.

வீதியிலும் வயலிலும் அலையும் மாடுகளைப் பிடித்துக் கட்டிவைத்து, உரிமையாளரிடம் தண்டம் அறவிடும் அதிகாரம் உள்ளூராட்சி சபைக்கு உண்டு. இது வேறெந்தத் திணைக்களத்தையும் கேட்காமல் சபை செய்யக்கூடிய சில வேலைகளில் ஒன்று. வன்னியில் இது சின்ன விடயம் அல்ல. ஏ-9 வீதியின் தார், இரவில் சூடு ஆறாமல் இருப்பதால் மாடுகள் அதில் படுக்கின்றன. மோட்டார் சைக்கிளில் வருகிறவர் கறுப்பு மாட்டைக் காண்பது கடைசி நொடியில். இன்னொரு பக்கம் நெல். கால போகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்புக்கு நாள் குறிக்கும்போதே மாடுகளை வயல் பகுதியிலிருந்து அகற்றவேண்டிய நாளையும் குறிப்பார்கள். ஆனால் எங்கே அகற்றுவது? மேய்ச்சல் தரை என்று பெயரளவில் இருந்த நிலங்களில் ஒரு பகுதி காடாக அறிவிக்கப்பட்டுவிட்டது, ஒரு பகுதி வயலாகிவிட்டது. மேய்ச்சல் தரையை ஒதுக்கித் தரும் அதிகாரமோ சபைக்கு இல்லை. மாட்டைப் பிடிக்கும் அதிகாரம் மட்டும் இருக்கிறது.

சபை ஒலிபெருக்கியில் அறிவித்தல் கொடுக்கும். இத்தனையாம் திகதிக்குப் பிறகு வீதியில் நிற்கும் மாடுகள் பிடிக்கப்படும், தண்டமும் பராமரிப்புச் செலவும் அறவிடப்படும். பிறகு ஊழியர்கள் உழவு இயந்திரத்தோடு இரவில் இறங்குவார்கள். சபை வளவில் பத்துப் பதினைந்து மாடுகள் வந்து சேரும்; இரண்டு கன்றுகள் தாயில்லாமல் கத்தும். விடியுமுன் உறுப்பினரின் கைபேசி அடிக்கத் தொடங்கும். "தம்பி, காதில் குறி போட்டது எங்களுடையது. அது வீதியில் நிற்கவில்லை, வேலியோரம்தான் நின்றது. உங்களுக்குத்தானே நாங்கள் எல்லோரும் போட்டோம்." அடுத்த அழைப்பு கமக்காரர் அமைப்பிலிருந்து வரும்: பிடித்த மாட்டைத் தண்டம் இல்லாமல் விட்டதாகக் கேள்விப்பட்டால் சபைக்கு முன்னால் வந்து இருப்போம். இருவரும் ஒரே வட்டாரம். இரு குடும்பமும் ஒரே கோயில். பல தடவை மாட்டுக்காரரும் கமக்காரரும் ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும்.

இந்த இடத்தில் எந்தக் கட்சியின் கொள்கையும் உதவாது. சமஷ்டிக்கும் மாட்டுக்கும் தொடர்பில்லை. ஊழல் ஒழிப்புக்கும் கன்றுக்குட்டிக்கும் தொடர்பில்லை. தண்டத்தைக் கட்டச் சொல்லி, தன் சட்டைப்பையிலிருந்து பாதியைக் கொடுத்து அனுப்பும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அது நல்ல மனம்தான். ஆனால் துணைவிதி அன்றைக்கே செத்துவிடும், அடுத்த போகத்துக்கு யாரும் தண்டம் கட்டமாட்டார்கள். தண்டத்தை விட்டுக்கொடுக்காமல், மாட்டுக்காரர்களைக் கூட்டிப் பட்டிகளுக்கு ஓர் இடத்தைப் பேசி, பிரதேச செயலாளரிடம் அதற்கு எழுத்தில் அனுமதி வாங்க அலைவது கடினமான வேலை. அந்த அலைச்சலுக்குச் சுவரொட்டி அடிக்க முடியாது. உறுப்பினர் ஒருவர் தேறினவரா என்று நான் பார்ப்பது இந்த இடத்தில்தான்.

மாதக் கூட்டமும் பாதீடும்

சபை மாதம் ஒருமுறை கூடுகிறது. கட்சித் தலைவர்கள் மேடையில் பேசும் பொருள் இங்கேயும் வரும்: கைதிகளை விடுவிக்கவேண்டும், காணியை விடுவிக்கவேண்டும் என்று பிரேரணை எடுத்து, ஏகமனதாக நிறைவேற்றி, ஜனாதிபதிக்குப் பிரதி அனுப்புவார்கள். பத்திரிகையில் வரும் செய்தி அதுதான். வட்டாரத்தைத் தொடுகிற முடிவுகள் குழுக்களில் நடக்கின்றன. பிரதேச சபைச் சட்டம் நிதி, வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்ப சேவை, சுற்றாடலும் வசதிகளும் என்று நான்கு குழுக்களைச் சொல்கிறது. உறுப்பினர் அல்லாத ஊரவரையும் அவற்றில் சேர்க்கலாம். இந்த வாய்ப்பைச் சனசமூக நிலையங்களோ கிராம அபிவிருத்திச் சங்கங்களோ கேட்டு வாங்கியதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

பணம் எங்கிருந்து வருகிறது? சோலைவரி, வியாபார அனுமதிக் கட்டணம், சந்தைக் குத்தகை, கட்டட வரைபட அனுமதி, நீதிமன்றத் தண்டப்பணம், காணி கைமாறும்போது வரும் முத்திரைத் தீர்வை. கடைசியாகச் சொன்னது தெற்கின் நகரச் சபைகளுக்குப் பெரிய ஊற்று. வன்னியில் அது சொட்டுத்தான். இங்கே காணியின் பெரும்பகுதி அரச அனுமதிப்பத்திரக் காணி. அதை விரும்பியபடி விற்க முடியாது, உறுதி எழுதாத கைமாற்றத்துக்குத் தீர்வை வராது. சோலைவரியும் சந்தியைச் சுற்றியுள்ள கடைகளோடு நின்றுவிடுகிறது. ஆகவே பெரிய வேலை எதுவும் மாகாண ஒதுக்கீட்டிலோ மத்திய அமைச்சின் திட்டத்திலோ வெளிநாட்டு உதவியிலோ தங்கியிருக்கிறது. அந்த இடங்களில் வட்டார உறுப்பினருக்குக் கதிரை இல்லை. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் தவிசாளர் இருப்பார். தலைமை வகிப்பவர் பெரும்பாலும் ஆளும் தரப்பு நாடாளுமன்ற உறுப்பினர்.

கட்சிக்கும் பணத்துக்கும் உள்ள உறவு 2025 தேர்தலின்போது மறைவில்லாமலே பேசப்பட்டது. ஏப்ரலில் மன்னாரில் நடந்த பிரசாரக் கூட்டத்தில், தமது கட்சி ஆளும் சபை அனுப்பும் திட்டத்துக்குத் தயங்காமல் நிதி ஒதுக்கலாம், மற்றவர்களின் சபை என்றால் பலமுறை பரிசீலிக்க வேண்டியிருக்கும் என்ற பொருள்பட ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பேசினார். கண்டனம் எழுந்தது. ஆனால் ஊர்மட்டத்தில் அதற்கு முன்பும் எல்லா ஆட்சியிலும் இதே கணக்கைத்தான் வேட்பாளர்கள் படலையில் நின்று சொல்லிவந்தார்கள்: அரசாங்கத்தோடு நிற்கிறவனால்தான் வேலை செய்விக்க முடியும். தமிழ்க் கட்சிகளின் பதில், உரிமையை வீதிக்கு விற்காதீர்கள் என்பது. இரண்டுமே வாக்காளரை ஒரு தெரிவுக்குள் தள்ளுகின்றன. சபைப் பணம் சட்டப்படி எல்லா வட்டாரத்துக்கும் உரியது என்ற சாதாரணமான மூன்றாவது வாதத்தை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

சபைக்குள்ளும் இதே விளையாட்டின் சிறு வடிவம் உண்டு. பாதீடு, அதாவது ஆண்டு வரவுசெலவுத் திட்டம், வரும்போது வட்டார உறுப்பினருக்குக் கொஞ்சம் மவுசு கூடும். பெரும்பான்மை இல்லாத தவிசாளருக்குப் பாதீடு தோற்றால் கதிரை ஆட்டம் காணும். 2020 டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர முதல்வர் இரண்டாவது தடவையும் பாதீடு தோற்றதால்தான் பதவியிழந்தார். ஆகவே கை உயர்த்தும் நாளுக்கு முன், எதிரணி உறுப்பினரின் வட்டாரத்துக்கும் ஓர் ஒழுங்கை, ஒரு மயானக் கொட்டகை கிடைத்துவிடும். எதிரணியில் இருப்பதன் ஒரே சுகம் அது. கட்சி மேலிடம் எதிர்த்து வாக்களி என்று சொல்லிவிட்டால் அந்த ஒழுங்கையும் போச்சு. மேலிடத்துக்கு அந்த ஒழுங்கையின் பெயரும் தெரியாது.

மேலிடமே பிளவுபட்டால் நிலைமை இன்னும் வினோதம். 2018 இல் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் அதன் பங்காளிக் கட்சிகளும் சேர்ந்து கேட்டன. 2023 ஜனவரியில் தமிழரசுக் கட்சி தனித்துப் போட்டியிட முடிவெடுத்ததும், பங்காளிகளான டெலோவும் புளொட்டும் பிரிந்து ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணிக்குப் போயின. அதுவரை ஒரே வரிசையில் இருந்து கை உயர்த்திய உறுப்பினர்கள், சபைகளின் கடைசி வாரங்களில் எதிரெதிர் முகாமில் இருந்தார்கள். ஊரில் யாரும் எதையும் மாற்றி முடிவெடுத்திருக்கவில்லை.

வட்டார முறை கொண்டுவந்த முகங்கள்

இவ்வளவு குறை சொன்னாலும், வட்டார முறை வன்னிக்குக் கொடுத்த ஒன்றை மறைக்கக்கூடாது. 1958, 1977, 1983 வன்செயல்களும் எழுபதுகளின் பஞ்சமும் மலையகத்திலிருந்து துரத்திய மக்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவின் காட்டோரங்களில் குடியேறினார்கள். கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம், சாந்தபுரம் போன்ற ஊர்கள் அப்படி எழுந்தவை. விருப்பு வாக்கு முறையில் பிரதேசம் முழுவதும் பெயர் பெற்ற குடும்பத்தாரோடு இந்த ஊர்க்காரர் போட்டியிடுவது கடினம். வட்டாரம் என்று கோடு கீறியதும், ஒன்றாக வாழும் மக்கள் ஒன்றாக வாக்களித்துத் தங்களில் ஒருவரை அனுப்பலாம். எல்லாக் கட்சிகளும் இந்த வட்டாரங்களில் அந்த ஊர் ஆளையே தேடி நிறுத்தவேண்டிய நிலை வந்தது. தவிசாளர் கதிரை வரைக்கும் அது போகிறதா என்பது வேறு கதை.

பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீடும் 2018 இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சட்டம் வட்டாரப் பட்டியலில் பத்து வீதத்தையும் மேலதிகப் பட்டியல் எனப்படும் கட்சிப் பட்டியலில் ஐம்பது வீதத்தையும் பெண்களுக்குக் கேட்கிறது. விளைவு ஊகிக்கக்கூடியதே: கட்சிகள் வெல்லக்கூடிய வட்டாரத்தை ஆணுக்கு வைத்துக்கொண்டு, பெண்ணைப் பட்டியலுக்கு அனுப்புகின்றன. பட்டியலில் வந்தவருக்கு வட்டாரம் இல்லை. வட்டாரம் இல்லாதவருக்கு நிதி ஒதுக்கீட்டில் பங்கு எது என்று கூட்டத்தில் கேட்கிறார்கள். ஆனால் கணவனை இழந்த பெண்கள் குடும்பத்தை நடத்தும் வீடுகள் இத்தனை உள்ள நிலத்தில், நுண்கடன் வசூலிக்க வருகிறவன் வாசலில் நிற்கும்போது அழைப்பு போவது இந்தப் பெண் உறுப்பினர்களுக்குத்தான். நுண்கடனுக்கும் பிரதேச சபைக்கும் சட்டத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை.

அடுத்த வேட்புமனுக் காலம் வரும்போது யாருக்கு வட்டாரம் கிடைக்கும் என்பதைக் கட்சிக் கிளையும் தொகுதி அமைப்பாளரும் செயலாளரும் முடிவு செய்வார்கள். நாடாளுமன்றத் தேர்தலில் எந்த வாக்குச்சாவடியில் எத்தனை வாக்கு எடுத்துக் கொடுத்தார், எந்தத் தலைவரின் பக்கம் நின்றார் என்பவை அந்த மேசையில் பேசப்படும். மதகு பேசப்படாது. வட்டாரத்தாருக்கு அதில் தலையிட முறையான வழி எதுவும் இல்லை.

இதற்குள் உறுப்பினர் ஒருவர் நிலையாக விட்டுச்செல்லக்கூடியது ஒன்று இருக்கிறது, அதைச் சிலர்தான் செய்கிறார்கள். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு புதிதாக உண்டான ஒழுங்கைகள் பலவும் சபையின் வீதிப் பதிவேட்டில் இல்லை. பதிவில்லாத வீதிக்கு எந்த நிதியும் ஒதுக்க முடியாது. அகலம் அளந்து, இருபக்கக் காணிக்காரரிடமும் சம்மதக் கையொப்பம் வாங்கி, வேலியை இரண்டடி உள்ளே தள்ளச் செய்து, சபையில் தீர்மானம் எடுத்து, வர்த்தமானிக்கு அனுப்பவேண்டும். வேலியைத் தள்ளச் சொன்ன இரண்டு வீட்டு வாக்கும் போய்விடும். உங்கள் ஒழுங்கை பதிவேட்டில் இருக்கிறதா என்று சபை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 இலிருந்து இருக்கிறது, எழுத்திலும் கேட்கலாம்.